இருபது தலை

ஊமத்தங்குடிக்காரர்கள் சொன்ன சொல்லை மீறாதவர்கள். அந்த ஊருக்கு வந்த கேடெல்லாம் அதனால் வந்ததுதான்.

அங்கே ஓர் அரசுப் பள்ளி. மறியல் செய்து, போலீசிடம் அடிபட்டு அதை வாங்கித் தந்தவர் வைரக்கண்ணு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு மஞ்சள் வேனில் ஏறிவிட, மிஞ்சியது பதினொரு பிள்ளைகள். அதில் ஒருத்தி அவர் மகள் புரட்சிச்செல்வி.

கல்வி அதிகாரி வந்தார். “திங்கட்கிழமை பெஞ்சுல இருபது தலை இருக்கணும். இல்லேன்னா பூட்டுதான்” என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். போகும்போது, இருந்த ஒரே டீச்சரையும் பிள்ளைகளை அதிகம் சேர்ப்பது எப்படி என்ற பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

இந்தப் பள்ளி போனால் செல்வி ஆற்றைத் தாண்டித்தான் படிக்கப் போகவேண்டும். பாலம் கேட்டு வைரக்கண்ணு தொடங்கிய போராட்டமோ இன்னும் முடியவில்லை. ஊரைக் கூட்டினார்.

“ஒம்பது தலை குறையுது, தோழர்களே!”

ஆடு மேய்க்கும் பக்கிரிசாமி எழுந்தார். “புள்ளைங்க தலைன்னாரா, வெறும் தலைன்னாரா?”

வைரக்கண்ணு கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். “வெறும் தலைதான்.”

“அப்ப நம்ம தலைக்கு என்ன கொறச்சல்?”

பெரியவர்கள் ஒன்பது பேர் உட்காருவதென்று கைதட்டி முடிவு செய்தார்கள். கைதட்டி முடித்ததும் பக்கிரிசாமிக்குச் சந்தேகம் வந்தது.

“நான் பெஞ்சுல உக்காந்தா ஆட்டை யாரு மேய்க்கிறது?”

“ஒம் மவனை அனுப்பு.”

“அவன் போனா ஒரு தலை குறையுமே, அண்ணே!”

“அதுக்கு ஒம் பொஞ்சாதி குஞ்சம்மா வந்து உக்காரட்டும்.”

“என் களையை யாரு பறிக்கிறது?” என்றாள் குஞ்சம்மாள்.

“மவளை அனுப்பு.”

“அவ தலைக்கு?”

கணக்கு இப்படியே வளர்ந்தது. எங்கேயும் பிசகவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தபோது பெஞ்சு நிறைய ஆட்கள். சிலர் வழுக்கை. முழங்கால்கள் மேசைக்கு அடியில் நுழையவில்லை.

“புள்ளைங்க எங்கய்யா?”

“வேலைக்குப் போயிருக்குதுங்க. நாங்கதான் இங்க இருக்கோமே” என்றார் வைரக்கண்ணு.

அதிகாரி விரல் நீட்டி எண்ணினார். இருபது. துறை கேட்டதும் அதைத்தான். கையெழுத்துப் போட்டார்; பள்ளி பிழைத்தது.

“எண்ணிக்கை சரி. கல்வித்தரம் எப்படி?” என்று வைரக்கண்ணுவை எழுப்பினார். “ஒம்பதாம் வாய்ப்பாடு சொல்லு.”

வைரக்கண்ணு முஷ்டியை உயர்த்தினார். “ஓரொம்பது ஒம்பது!”

“ஓரொம்பது ஒம்பது!” என்று வகுப்பே முழங்கியது.

“ஈரொம்பது…”

“ஈரொம்பது…” என்றது வகுப்பு. அதோடு நின்றது.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. “போ! வீட்டுலேருந்து பொறுப்பான ஆளைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்.”

வைரக்கண்ணு வயலுக்கு ஓடி, செல்வியைக் கூட்டிவந்தார். காலெல்லாம் சேறு, கையில் களைக்கொத்து. அவள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னாள்:

“வீட்டுலயும் எங்கப்பா இப்பிடித்தான் சார், சொன்னா கேக்காது. நீங்கதான் ரெண்டு போட்டுப் படிக்க வைக்கணும். எனக்கு வேலை கெடக்கு, வரேன்.”