இடப்பக்கம் இழுக்கிற வண்டி

பொன்னுரங்கம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தம்பி குடியை விட்டுப் பதிமூணு மாசம் ஆச்சுங்கம்மா. இன்னைக்கு மூணு மணி பஸ்ஸுல முக்குல வந்து எறங்கறானாம். நான் போயிக் கூட்டிட்டு வந்தா வீட்டோட இருந்துக்கறானாம். நான் வரலைன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிருவானாம். இனிமேக் கேக்கவே மாட்டானாம். அவனை நம்பலாங்களா?"

குருவுக்கு வயது நாற்பது. சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபத்திரண்டு. காவி கட்டுவதற்கு முன்னால் ஆனந்தவல்லி அம்மா, சங்ககிரியில் அப்பாவின் லாரிப் பட்டறையில் கிரீஸோடு கிடந்தவர். அன்று சீடர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கமே அவரிடம் கிடையாது.

"உங்க பிக்கப் வண்டி எப்படி ஓடுதுங்க?" என்றார்.

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. தம்பியைப் பற்றிக் கேட்டால் வண்டியை விசாரிக்கிறாரே.

"ரெண்டு வருசமா இடப்பக்கமே இழுக்குதுங்க. சக்கரத்தத் திருப்புற டை ராடு எண்டு தேஞ்சுபோச்சு. புதுசு வாங்கிப் பரண்ல போட்டே ஆறு மாசம் இருக்கும்."

"எடுத்துட்டு வாங்க. மாத்திருவோம்."

வாசலிலேயே ஜாக்கி போட்டு, வண்டி உருளாமல் அண்டைக்குக் கல் வைத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். பழைய எண்டு, விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அதைத் திருகி எடுக்கும்போது பொன்னுரங்கம் சுற்றுகளை எண்ணினார். பதினேழு. புதியதையும் அளவு மாறாமல் பதினேழு சுற்றே ஏற்றினார்.

"இப்பெல்லாம் தம்பி எப்பவாச்சும் பாக்க வந்தாலே மோந்து பாக்கறேங்க," என்றார் நட்டைத் தேடிக்கொண்டே.

"வாடை வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. அதனாலதான் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாச்சு."

அம்மா சிரிக்கவில்லை. சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். பழைய எண்ணிக்கை ஒத்துவரவில்லை. இன்னும் ஒன்றரைச் சுற்று ஏற்றி, சக்கரம் நேரானதும் நட்டை இறுக்கினார்.

ஆளில்லாத சந்தைத் திடலில் ஓட்டிப் பார்த்தார்கள். பத்தடி போவதற்குள் பொன்னுரங்கத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இப்ப வலப்பக்கம் இழுக்குதுங்க. புதுச் சாமானும் சொத்தை."

"மெதுவாப் போயிக் கையை எடுங்க."

எடுத்தார். வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக நேரே போனது.

"புடிங்க."

பிடித்தார். மறுபடியும் வலப்பக்கம் போனது.

பொன்னுரங்கம் வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கின் மேலிருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மணி இரண்டே முக்கால்.

"ரெண்டு வருசமா வலப்பக்கம் திருப்பியே புடிச்ச கைங்கம்மா. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க போறது?"

"போகும்போது மெதுவாப் போங்க. உங்க தம்பி என்ன தொழில் பாத்தாருன்னீங்க?"

"லாரி டிரைவருங்க. குடியிலதான் அந்த வேலை போச்சு. இப்ப யாரும் ஸ்டியரிங்கத் தொட விடறதில்லீங்க. நானுந்தான்."

அம்மா கதவைத் திறந்து இறங்கினார்.

"வரும்போது சாவிய அவர்கிட்டக் குடுத்துருங்க. அவர் கைக்குப் பழைய வண்டி தெரியாது."