தார்ச்சாலையில் ஓடிய கீரி

நகரத்தின் ஓரத்தில் ஓர் ஏரி. அதன் கரையில் செம்பன் என்ற கீரி, தன் மனைவி மொட்டுவோடும் மூன்று குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது. அந்த ஆண்டு மழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்து, கடைக்குட்டியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று முதல் செம்பனுக்குத் தூக்கம் இல்லை. இரையும் இறங்கவில்லை.

“இப்படியே சுருண்டு கிடக்காதே! தினமும் கொஞ்சம் ஓடு. மனசு லேசாகும்” என்றது அதன் நண்பன் நீர்க்கோழி.

செம்பன் ஓடத் தொடங்கியது. கரையில் முள்ளும் சேறும் இருந்ததால், பக்கத்துத் தார்ச்சாலையைத் தேர்ந்தெடுத்தது. அங்கே லாரிகள் அலறின. புகை கண்ணைக் கரித்தது. எந்தச் சக்கரம் எப்போது மேலே ஏறுமோ! கால்கள் முன்னால் ஓடின. காதுகள் பின்னாலேயே இருந்தன.

உடம்பு இறுகியது. குணமோ கெட்டது. ஒரு மாலை, விளையாட்டாக வாலைப் பிடித்து இழுத்த குட்டியின் காதைச் செம்பன் கடித்தேவிட்டது!

மொட்டு சீறியது. “வெள்ளம் ஒன்றைக் கொண்டுபோனது. மிச்சத்தை நீயே முடித்துவிடுவாய் போலிருக்கிறது! இன்னொரு முறை இப்படிச் செய்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்!”

செம்பன் நேரே நீர்க்கோழியிடம் போனது. “ஓடினால் சரியாகும் என்றாயே! என் குடும்பமே உடையப் போகிறது!”

“எங்கே ஓடுகிறாய்?”

“சாலையில்தான்.”

“ஐயோ, அங்கேயா! அதைப் பறந்து தாண்டவே நான் நடுங்குவேன். கரையில் ஓடினால் என்ன?”

“முள் குத்துமே!”

“குத்தினால் பிடுங்கிப் போடு!”

மறுநாள் விடிந்ததும் செம்பன் கரையில் ஓடியது. முள் குத்தத்தான் செய்தது. நாணல் சலசலத்தது. மீன் ஒன்று துள்ளி விழுந்தது. பாதி தூரம் போன பிறகுதான், தான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அதற்கு உறைத்தது. ஒரு மருத மரத்தடியில் நின்றது. போன குட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. அன்றுதான் முதன்முதலாக அழுதது.

வீடு திரும்பியதும், கடிபட்ட குட்டியின் காதை மெல்ல நக்கிக் கொடுத்தது. குட்டி முதலில் ஒதுங்கியது. பிறகு அசையாமல் நின்றது.

“நாளைக்கும் ஓடப் போகிறாயா?” என்று மொட்டு கேட்டது.

“ஆமாம். கரையில்.”

“அப்படியானால் நாங்களும் வருகிறோம்!”

ஓடினால் உடல் வலுப்படும். ஆனால் மனம் ஆறுவதற்கு, பயமில்லாமல் ஓடக்கூடிய இடமும் வேண்டும்.