கால் படாத கரகாட்டம்

கருவேலூர் நகராட்சி ஊர்க் கலைஞர்களுக்கென்று கலையரங்கம் கட்டியது. பளிங்குத் தரையில் கீறல் விழும் என்று பூட்டியும் வைத்தது.

கரகாட்டக்காரி அஞ்சலாட்சி போய்ச் சாவி கேட்டாள்.

"தாராளமா ஆடு. தரையில கால் மட்டும் படக் கூடாது," என்று சிரித்தார் நகராட்சித் தலைவர்.

"சரிங்கய்யா. நீங்களே மேடையேறித் தொடங்கி வைக்கணும்."

அப்படி எப்படித்தான் ஆடுவாள்? பார்க்க ஊரே திரண்டது. தலைவர் மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, ஆசை தீரப் பேசினார். "எங்கே, ஆடு பார்ப்போம்!"

அஞ்சலாட்சி தலையில் கரகத்தோடு கீழேயே நின்று, அவர் காலை உற்றுப் பார்த்தாள்.

"கால் படாம நிக்கிறதை உங்களைப் பார்த்துக் கத்துக்கலாம்னு இருந்தேங்கய்யா. நீங்க செருப்போடல்ல நிக்கிறீங்க! செருப்புக்கே கீறல் விழாத தரையில, என் வெறுங்காலுக்கா கீறல் விழும்?"

தலைவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். நையாண்டி மேளம் முழங்கியது.