இளவரசியைத் தூங்கவைத்த படச்சுவடி

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருங்கூர்ச் சீமையை வீரகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தான். மதயானையை அடக்குவான், எதிரியை அடக்குவான். நான்கு வயது மகள் முத்துவடிவைத் தூங்கவைக்க மட்டும் அவனால் ஆகவில்லை.

அதற்கும் ஒரு சட்டம் போட்டான். “இளவரசி தூங்கும்வரை அரண்மனையில் யாரும் தூங்கக் கூடாது!”

அன்று முதல் இரவெல்லாம் சேனாபதியும் சமையல்காரர்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யானை வாசலில் நின்றது. நூறு விளக்கு எரிந்தது. பிள்ளை ஒவ்வொருவராகப் பார்த்துக் கைதட்டியது.

ஆஸ்தானப் புலவர் செஞ்சடைக் கவிராயர் நூறு பாட்டில் ஒரு தாலாட்டுப் படச்சுவடி எழுதிவந்து படித்தார். சபை வழக்கப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லாரும் “பலே!” என்று கத்தினார்கள். நூறாவது பலே முடிந்ததும் இளவரசி, “அப்புறம்?” என்றாள்.

“பாட்டில் குற்றமில்லை மகாராஜா,” என்றார் கவிராயர். “தாதி சிலம்பாயிதான் பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறாள்.”

ராஜா தூங்கிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. “நாளை இரவும் பிள்ளை தூங்காவிட்டால், தாதியே, நீ சீமையை விட்டுப் போய்விடு!”

சிலம்பாயிக்கு வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. வெளியே அடைமழை. சட்டம்தான் கோளாறு என்று சொல்லலாம். சொன்னால் தலை இருக்காது.

“நானும் ஒரு படச்சுவடி செய்துவருகிறேன் மகாராஜா. படத்தில் இருக்கிறவர் அதில் இருக்கிறபடியே செய்யணும். அது ஒன்றுதான் கேட்கிறேன்.”

“இவ்வளவுதானே? செய்யட்டும்.”

மறுநாள் இரவு அவள் சுவடியைப் பிரித்தாள்.

“ஆனை அசைஞ்சு போச்சு, கொட்டிலிலே சாஞ்சு போச்சு;
சேனாபதி மீசை ரெண்டும் தலகாணியில் தேஞ்சு போச்சு!”

யானை போயிற்று. சேனாபதி படுத்தார். அடுத்த படத்தில் இருந்தபடியே சமையல்காரர்களும் படுத்தார்கள்.

“மினுக்கு மினுக்கு விளக்கு, தூக்கம் வருது அதுக்கு!”

ஒரு விளக்கு மட்டும் மிஞ்சியது.

“கவிராயர் கண்ணை மூடு, கம்பளிக்குள் தலையைப் போடு!”

“இதெல்லாம் ஒரு பாட்டா?” என்றார் கவிராயர்.

“படுத்துக்கொள்ளும் ஐயா,” என்றான் ராஜா.

“மகுடம் கழற்றி வச்சாச்சு, மகாராஜாவும் படுத்தாச்சு!”

ராஜா படத்தை உற்றுப் பார்த்தான். “இது நானா?”

“மீசை தங்களுடையதுதான் மகாராஜா.”

அவன் படுத்தான். உடனே குறட்டை வந்தது.

“அப்புறம்?” என்றாள் இளவரசி.

“அவ்வளவுதான் கண்ணு. எல்லாரும் தூங்கிட்டாங்க.”

பிள்ளை சுற்றிலும் பார்த்தது. வேடிக்கை பார்க்க ஒன்றுமே இல்லை. “அப்போ நான் மட்டும் எதுக்கு முழிச்சிருக்கணும்?” என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டது.

கம்பளிக்குள்ளிருந்து கவிராயர் குதித்து எழுந்தார். “மோசம் மகாராஜா! இளவரசிக்கு முன்பே எல்லாரையும் தூங்கவைத்துச் சட்டத்தை மீறவைத்துவிட்டாள்!”

ராஜா எழுந்தான். இளவரசியும் எழுந்தாள்.

சிலம்பாயி கைகட்டி நின்றாள். “சட்டத்தை மீறாதவர் ஒருவர் இருக்கிறார் மகாராஜா. கவிராயர் கண்ணையே மூடவில்லை.”

ராஜா சிவந்த கண்ணால் கவிராயரைப் பார்த்தான். “சட்டத்தின் மேல் இவ்வளவு பற்றா? இனி அது உமக்கு மட்டும்தான். பிள்ளை தூங்கும்வரை நீர் தூங்கக் கூடாது. மற்றவர்கள் படுக்கலாம். சிலம்பாயி, என் பல்லக்கில் வீட்டுக்குப் போ. இரவில் இனி உன் பிள்ளையோடு இரு. சம்பளம் இரட்டிப்பு.”

கவிராயர் முதல் பாட்டைத் தொடங்கினார். “பலே!” சொல்ல யாருமில்லை. இளவரசி மட்டும், “அப்புறம்?” என்றாள்.

பல்லக்கு வீடு வந்து சேர்ந்தது. மூன்று மாதக் குழந்தை கண்ணை அகல விழித்துச் சிலம்பாயியைப் பார்த்துச் சிரித்தது. அவள் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள்.