புங்க மரத்தில் கொட்டிய மாவு

குளக்கரைப் புங்க மரத்தில் நான்கு கலைஞர்கள் குடியிருந்தார்கள்.

தண்ணீர்ப் பக்கம் நீண்ட கிளையில் தூக்கணாங்குருவி மஞ்சமுடி கூடு பின்னுவான். கீழ்க்கிளையில் தையல்சிட்டு ஊசிக்கண்ணு இலையோடு இலை சேர்த்துத் தைப்பாள். நடுமரத்தில் சில்வண்டு ராகப்பன் உட்கார்ந்து பாடுவான். அவனுக்கு மேலே மரங்கொத்தி உளியன், டொக் டொக் டொக் என்று நாளெல்லாம் மரத்தைக் கொத்திக்கொண்டிருப்பான்.

ஒரே மரத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் சாப்பிடக் கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இல்லாவிட்டால் ராகப்பன் முதல் பாட்டையே முடித்திருக்க மாட்டான்!

ஒரு நாள் சூறைக்காற்று அடித்தது. மரம் அப்படியும் இப்படியும் ஆடி, 'சடசட' என்று ஒரு சத்தம் போட்டது. அடிமரத்தில் விரலளவு விரிசல்!

தோப்புக்குக் காவல் ஓர் உடும்பு. அது நாக்கை நீட்டி விரிசலைத் தொட்டுப் பார்த்தது.

"எல்லாரும் இறங்குங்க! மரம் நிக்குமா சாயுமான்னு தெரியாம யாரும் மேல இருக்கக் கூடாது!"

"ஐயோ, என் கூடு பாதியில நிக்குதே!" என்று மஞ்சமுடி கத்தினான்.

"கூடு பாதியா இருக்கட்டும், உசிரு முழுசா இருக்கணும். கிளம்பு!"

நால்வரும் கரைக்கு அந்தப் பக்கம் இருந்த கருவேலம் புதருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. புதரில் எல்லாம் முள்ளும் பொடி இலையும்தான். "கடுகளவு இலையை வச்சிக்கிட்டு நான் எதைத் தைக்கிறது?" என்று ஊசிக்கண்ணு புலம்பினாள். ராகப்பன் பாட ஆரம்பிப்பான், முள் குத்தும், நிறுத்துவான். உளியன் குச்சிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ச்சே!" என்பான்.

எல்லோரையும்விட அதிகம் தவித்தவன் மஞ்சமுடிதான். தூக்கணாங்குருவி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூடு கட்டி வைப்பான். பெண் வந்து இழுத்துப் பார்ப்பாள், ஆட்டிப் பார்ப்பாள். பிடித்தால்தான் உள்ளே உட்காருவாள். அதற்குப் பிறகுதான் மீதிக் கூடு, முட்டை, குஞ்சு எல்லாம். மழை நிற்பதற்குள் ஒருத்திக்கும் வீடு பிடிக்காவிட்டால், அந்த வருஷம் அவன் தனிக்கட்டைதான்.

விடிந்ததும் அவன் உடும்பிடம் ஓடுவான். "இன்னைக்குப் போகலாமா?"

"விரிசல் பெரிசாகுதான்னு பார்க்கணும். நாளைக்கு வா."

"நாளைக்கு மழை நின்னுட்டா?"

"நின்னா நனையாம வா!"

இப்படியே பதினெட்டு நாள் போனது. சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? மரம் ஏன் விரிந்தது என்று பேச ஆரம்பித்தார்கள்.

"நான் நூலு கோக்குற அளவுக்குத்தான் இலையில ஓட்டை போடுறேன். வேற சிலபேர் மரத்துலயே ஓட்டை போடுறாங்கப்பா!" என்றாள் ஊசிக்கண்ணு.

"அந்த டொக் டொக்குல என் பாட்டு ஒரு நாளாவது ஒழுங்கா எடுபட்டிருக்கா?" என்றான் ராகப்பன்.

மூன்று பேரும் உளியனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய், காத்துல விரிஞ்ச மரத்துக்கு நானா பொறுப்பு?" என்று உளியன் கொண்டையைச் சிலிர்த்தான். "நான் கொத்துறது மரத்தை இல்ல. மரத்துக்குள்ள இருக்கிறவனை!"

"உள்ள யாரு இருக்கா? நாங்க ஒருத்தனையும் பார்த்ததில்லையே!"

"நான் பார்க்க விட்டாத்தானே!"

பத்தொன்பதாம் நாள் காலையில் உடும்பு வந்தது. "விரிசல் நின்னுடுச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்!"

மஞ்சமுடி குதித்தான். ஊசிக்கண்ணு மட்டும் குரலைத் தாழ்த்தி, "எல்லாருமா?" என்று கேட்டாள்.

"மரம் உங்களுது. அதை நீங்க பேசி முடிச்சுக்கங்க" என்று உடும்பு நழுவிவிட்டது.

மூவரும் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுத்தார்கள். கடைசியில் மஞ்சமுடி உளியனிடம் வந்தான். அவனுக்கு அவசரம். கூடு, கூடு என்று அதே நினைப்பு.

"உளியண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மரத்துக்கு ஏற்கனவே உடம்பு சரியில்ல. இந்த மழை முடியுற வரைக்கும் நீங்க வேற எங்கயாவது..."

உளியன் அவனை ஒரு கண்ணால் பார்த்தான். "சரிப்பா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, தூரத்தில் நின்ற மொட்டைப் பனைக்குப் பறந்துபோனான்.

அன்றைக்கே மூவரும் மரத்துக்குத் திரும்பினார்கள். ஊசிக்கண்ணு முதல் வேலையாக உளியன் குடியிருந்த பொந்தின் வாயில் இரண்டு இலைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்துவிட்டாள். "திறந்து கிடந்தா பார்க்கவே அசிங்கமா இருக்கு!"

மரம் அமைதியாக இருந்தது. "அப்பாடா!" என்றான் ராகப்பன்.

நான்காம் நாள் ஓர் அதிசயம் நடந்தது. மேலே இருந்து மஞ்சமுடியின் தலையில் என்னவோ பொலபொலவென்று கொட்டியது. இளமஞ்சளில், சலித்த மாவு மாதிரி அவ்வளவு நைசு!

"ஊசிக்கண்ணு அக்கா! இங்க பாருங்க, மரமே நமக்கு மாவு தருது!"

அவன் அதை ஈர மண்ணில் குழைத்துக் கூட்டின் விளிம்பில் பூசினான். வெயிலில் கூடு தகதகவென்று மின்னியது. ஊசிக்கண்ணு அந்த மாவை அள்ளித் தன் கூட்டுக்குள் மெத்தையாகப் பரப்பினாள்.

ராகப்பனுக்கோ வேறொரு பரிசு கிடைத்தது. அவன் பட்டையில் காதை ஒட்டி வைத்துக் கேட்டான். உள்ளே இருந்து 'கர்ர்ர்... கர்ர்ர்...' என்று விடாமல் ஒரு சத்தம்.

"சுருதிப் பெட்டி! மரம் எனக்குச் சுருதி போடுது! அந்த உளியன் இருந்தவரைக்கும் இது கேட்டுச்சா?"

கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து பாடினான்.

மறுநாள் மத்தியானம் செங்கதிரி என்ற பெண் தூக்கணாங்குருவி வந்தாள். மழைக்காலம் கழியும் நேரம். மற்றப் பெண்களெல்லாம் வீடு பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கி இருந்தவள் இவள் ஒருத்திதான். மஞ்சமுடிக்கு இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டது.

"வாங்க, வாங்க! முடிச்சை ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க!"

செங்கதிரி இழுத்துப் பார்த்தாள். "பின்னல் நல்லாத்தான் இருக்கு." பிறகு கூட்டை விட்டுவிட்டுக் கிளைக்கு ஏறினாள். அலகால் கிளையை ஒரு தட்டுத் தட்டினாள்.

'டப்.'

இன்னொரு இடத்தில் தட்டினாள். அங்கேயும் உள்ளே பொள்ளலாக இருப்பது போல, 'டப்.'

"இது என்ன, கூட்டு விளிம்புல மஞ்சளா?"

"அழகுக்குப் பூசினேன்! மரத்துலயிருந்து தானா கொட்டுது. நேத்து ஒரு பிடி, இன்னைக்கு ஒரு பிடி!"

செங்கதிரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏய்யா, உனக்குக் கண்ணு எங்க இருக்கு? இது புழு தின்னு துப்பின மரத்தூளு! உன் வீட்டையே அரைச்சு உன் தலையில கொட்டியிருக்கான். நீ அதை எடுத்துக் கோலம் போட்டிருக்கே!"

கீழே ராகப்பனின் பாட்டு சட்டென்று நின்றது. "அப்போ... என் சுருதி?"

"மெல்லுற சத்தம்!" என்றாள் செங்கதிரி. "என் முட்டையை இந்தக் கிளையில தொங்கவிட மாட்டேன். மூணு நாள் கழிச்சு இந்தப் பக்கமா வருவேன். அதுக்குள்ள நல்ல கிளையா பார்த்துப் பாதிக் கூடு கட்டி வை. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

நல்ல கிளை எது? மஞ்சமுடிக்குப் புல் தெரியும், நார் தெரியும், முடிச்சு தெரியும். மரம் தெரியாது. அதைத் தெரிந்தவன் மொட்டைப் பனையில் இருந்தான்.

மஞ்சமுடி மூச்சிரைக்கப் பறந்தான்.

"உளியண்ணே! மரத்துல புழு!"

"தெரியும்" என்று உளியன் திரும்பாமலே சொன்னான்.

"உங்களை அனுப்பினது தப்புண்ணே. எனக்குக் கூடு மட்டும்தான் கண்ணுல நின்னுச்சு."

"தலையெல்லாம் தூளா இருக்கே, கொட்டினப்பவாவது யோசிச்சியா?"

"இல்லண்ணே. பூசினேன்."

"எங்க பூசினே?"

"கூட்டுல... அழகுக்கு."

உளியன் கோபமாகத்தான் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. பனையே அதிரும்படி சிரித்துவிட்டான். "அடப்பாவி! சரி, வர்றேன். என் பொந்து அப்படியேதானே இருக்கு?"

மஞ்சமுடி குரலை இழுத்தான். "அதுல ஊசிக்கண்ணு அக்கா ஒரு சின்னத் தையல் போட்டிருக்காங்க..."

அவர்கள் மரத்துக்கு வந்தபோது ஊசிக்கண்ணு அரக்கப்பரக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "கொசு வராம இருக்கட்டும்னுதான் தச்சேன் அண்ணே!" என்றாள். உளியன் நேராகத் தண்ணீர்ப் பக்கக் கிளைக்குப் போனான்.

டப். டப். டப்.

"இந்தக் கிளை போச்சு. இனிமே இதுல ஒண்ணும் செய்ய முடியாது. கூட்டை விட்டுடு."

"அவ்வளவு அழகான கூடுண்ணே!"

"அழகாத்தான் விழும்!"

பக்கத்துக் கிளைக்குத் தாவினான். டொக். டொக். டொக். டப். அந்த இடத்தில் நான்கு கொத்துக் கொத்தி, கொழுத்த புழு ஒன்றை வெளியே இழுத்து விழுங்கினான். புழுவுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது! மறுபடியும் தட்டினான். டொக்.

"இங்க கட்டு."

மஞ்சமுடி இரண்டரை நாள் ஊண் உறக்கம் பார்க்காமல் பின்னினான். தலைக்கு மேலே டொக் டொக், டொக் டொக். ராகப்பன் முதலில் முகம் சுளித்தான். பிறகு அந்தத் தட்டுக்கே தாளம் வைத்துப் பாடிப் பார்த்தான். பரவாயில்லாமல்தான் இருந்தது!

சொன்னபடி செங்கதிரி வந்தாள். முதலில் கிளையைத் தட்டினாள். 'டொக்.' பிறகு முடிச்சை இழுத்தாள். அவசரத்தில் போட்ட முடிச்சு, கொஞ்சம் கோணல்.

அந்த நேரம் பார்த்து, காற்று ஒரு வீசு வீசியது. 'மடார்!' தண்ணீர்ப் பக்கக் கிளை முறிந்து, மஞ்சள் விளிம்பு வைத்த அழகுக் கூட்டோடு குளத்தில் விழுந்தது. தண்ணீர் ஒரு தடவை மேலே எழும்பி அடங்கியது.

செங்கதிரி குளத்தைப் பார்த்தாள். கோணல் முடிச்சைப் பார்த்தாள். பிறகு கூட்டுக்குள் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"என்னய்யா பார்க்கிறே? மீதியைக் கட்டு!" என்றாள்.

வீட்டைத் தட்டிப் பார்ப்பவனின் சத்தம் பிடிக்கவில்லை என்று அவனை அனுப்பிவிட்டால், வீட்டைத் தின்பவனின் சத்தம் நமக்குச் சங்கீதமாகத்தான் கேட்கும்.