தலைமுழுகிய சபை

எந்த நாடென்று கேட்காதீர்கள். எப்போதோ ஆண்ட ஓர் அரசருக்கு ஒருநாள் சந்தேக நோய் பிடித்தது. ஊருக்குள் வரும் ஓலை எதுவானாலும், உரியவர் பார்க்கும் முன்பு சபையில் பிரித்துத் தம் காதுபடப் படிக்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

சதி ஒன்றும் சிக்கவில்லை. மாமியார் சண்டையும் மூலநோயும்தான் சிக்கின. சபையின் விகடகவி ஏகாம்பரன் அவற்றைக் குரல் மாற்றி நடித்துக் காட்டினான். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. தெருவில் பெண்கள் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாளும் நடித்தான்.

அவன் வாங்கிய பரிசுகள் தளவாய் வீரராகுவின் கண்ணை உறுத்தின.

"எந்த ஓலையை வைத்தும் சிரிக்க வைப்பானாம், பிரபு. இன்றைய ஓலையில் பார்ப்போமே" என்றார்.

"வைக்காவிட்டால் நாளை முதல் அவனுக்குச் சபையில் இடமில்லை" என்றார் அரசர், உற்சாகமாக.

தளவாய் முன்பே பார்த்து எடுத்து வைத்திருந்த ஓலையைப் படித்தார். "மேலவீதி அங்கம்மைக்கு. உப்பு வண்டியோடு வந்த உன் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம்."

 அங்கம்மை வாசலில்தான் நின்றிருந்தாள். தனக்கு ஓலை வந்திருக்கிறது என்று கேட்டு ஓடி வந்தவளைக் காவலர்கள் உள்ளே விடவில்லை.

"ம், நடியப்பா" என்றார் தளவாய்.

ஏகாம்பரன், சபைக்கு வருபவர்கள் கால் கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குடமொன்றைத் தூக்கி வந்து தளவாயின் தலையில் கவிழ்த்தான். தலைப்பாகையின் சாயம் மீசை வழியாக ஒழுகியது. அரசர் சிரித்தார். அடுத்த குடம் அரசர் தலையில். நனைந்தபடியே இன்னும் சிரித்தார். மிச்சத்தை ஏகாம்பரன் தன் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"ஜெயித்துவிட்டாயடா. எதற்கு இந்தக் கூத்து?"

"சாவு ஓலையை முதலில் பங்காளிகளுக்குத்தான் படிப்பார்கள், பிரபு. பெண்டாட்டிக்கும் முன்னால் நாம் கேட்டுவிட்டோம். அப்படியானால் நாம்தான் பங்காளிகள். தலைமுழுகாமல் உட்கார்ந்திருக்கலாமா?"

அரசரின் சிரிப்பு நின்றது. அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"அந்த ஆணை இன்றோடு போயிற்று" என்று கணையாழியைக் கழற்றி நீட்டினார். "வா, அவளிடம் போகலாம்."

ஏகாம்பரன் வாங்கிக்கொண்டான். சபையில் பரிசை மறுக்கும் வழக்கமில்லை. ஓலையோடு வாசலுக்கு வந்தான். எந்தக் குரலில் சொல்வதென்று தெரியவில்லை.

அங்கம்மை அவன் தலையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தாள். பின்னால் நனைந்து நிற்கும் அரசரையும் பார்த்தாள். ஓலையை வாங்க அவள் கை நீளவில்லை.

"உள்ளே எல்லாரும் கேட்டாச்சா?" என்றாள்.