நீலாயிக்கு ஏழு பொன்னாடை

காட்டுக் குளத்தில் நீலாயி என்றொரு மீன்கொத்தி இருந்தது. கிளையிலிருந்து பாய்ந்தால் மீனோடுதான் மேலே வரும். அந்த ஒரு வித்தையை நம்பிக் கரைப் பொந்தில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

வெள்ளையப்பன் என்ற கொக்குக்கு இது பொறுக்கவில்லை. பொழுதெல்லாம் ஒற்றைக்காலில் நின்றாலும் அதற்கு விரல் நீள அயிரை மீன்தான் கிடைத்தது. சண்டை போடத் தைரியமில்லை. ஆகவே நீலாயிக்குப் பாராட்டு விழா எடுத்தது.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? பிள்ளைங்க பசியா இருக்கு!" என்றது நீலாயி.

"கொஞ்ச நேரம்தாம்மா! குளமே காத்திருக்கு!"

தண்ணீரில் படுத்திருந்த எருமையின் முதுகுதான் மேடை. ஆமை தலைமை. கொக்கு ஒரு தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்தியது. நண்டுகள் சார்பில் ஓர் இலை. தவளைகள் சார்பில் இரண்டு, அவர்களுக்குள் கோஷ்டி இருந்ததால். ஏழாவது இலைக்குமேல் நீலாயியின் அலகு மட்டும் தெரிந்தது. விழா முடியுமுன் பொன்னாடையைக் கழற்றுவது மரியாதையல்ல.

"நீலாயி நல்லாப் பாயுது. ஆனா அவசரம்!" என்றது ஆமை. "பாதி வழியில் ஒருமுறை நின்று யோசிக்கணும்."

"ஆகாயத்திலயா?"

"அது உங்க சாமர்த்தியம்!"

நண்டுகள் கொடுக்குகளைத் தட்டின. செய்முறை விளக்கத்துக்காக மட்டும் இலைகளை எடுத்தார்கள். நீலாயி பாய்ந்தது, நடுவானில் நின்று யோசித்தது, பொத்தென்று விழுந்தது. மீன் இல்லை.

"என்ன நிதானம்! என்ன நிதானம்!" என்று குளமே ஆர்ப்பரித்தது. நீலாயிக்கு அது கொஞ்சம் இனிக்கவும் செய்தது. இன்னும் இரண்டு முறை அப்படியே விழுந்து காட்டியது. மறுபடி ஏழு இலைகளும் ஏறின.

அப்போதுதான் பொந்திலிருந்து வந்துகொண்டிருந்த கீச்சுச் சத்தம் மெலிந்துபோனதை நீலாயி கவனித்தது. கொக்கைத் தேடியது. நீலாயியின் கிளைக்கு அடியில், கெண்டை கெண்டையாக விழுங்கிக்கொண்டிருந்தது கொக்கு.

"அடுத்து, 'பாய்ச்சல் திலகம்' பட்டம்!" என்று தவளை கத்தியது.

"அதை எருமை அண்ணனுக்குக் குடுங்க! காலையிலிருந்து அசையாமப் படுத்திருக்கார்!" என்று சொல்லி, நீலாயி ஏழு இலைகளையும் உதறித் தள்ளிவிட்டுப் பறந்தது.

எருமைக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஏற்புரை வழங்க எழுந்து நின்றது. மேடை காலி. தலைவர் மல்லாந்து மிதந்தார்.

நீலாயி கிளையிலிருந்து பாய்ந்தது. நடுவானில் ஆமையின் குரல் ஞாபகம் வந்து தயங்கியது. மீன் தப்பியது. மறுமுறை யாருடைய குரலையும் உள்ளே விடவில்லை.

"அம்மா, விழாவைப் பாதியில விட்டுட்டுப் போறீங்களே! ஒரு வார்த்தை பேசுங்க!" என்றது கொக்கு.

நீலாயியின் அலகில் கெண்டை இருந்தது. நேரே பொந்துக்குப் போனது.

பிள்ளைகளே, நமக்கு வாய்த்த திறமை நம்மிடமே இருக்க வேண்டுமானால், திட்டுகிறவர்களைவிட, வேலை நேரத்தில் பொன்னாடையோடு வருகிறவர்களிடம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.